எட்டாம் இடத்திலிருந்து லிஸ்பனுக்கு: ஜாக் ஸ்டீன் மாற்றியது என்ன?

1965 மார்ச் 9 அன்று கிளாஸ்கோவின் செல்டிக் கால்பந்துக் கிளப்பில் ஜாக் ஸ்டீன் மேனேஜராகப் பொறுப்பேற்றார். அந்தக் கிளப் பெரிய கோப்பை ஒன்றை வென்று ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பருவத்தில் ஸ்காட்லாந்து லீகில் அதற்குக் கிடைத்தது எட்டாம் இடம். அடுத்த 26 மாதங்களில், 1967 மே 25 அன்று, லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றிய முதல் பிரிட்டிஷ் கிளப் ஆனது. அன்று களமிறங்கிய பதினோரு பேரில் பத்துப் பேர் ஸ்டீன் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். அவர் காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர்தான்: 1966 டிசம்பரில் ஹார்ட்ஸ் கிளப்பிலிருந்து 30,000 பவுண்டுக்கு வந்த வில்லி வாலஸ்.

அந்த வெற்றியைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் சொல்வது, பதினோரு பேரும் செல்டிக் மைதானத்தைச் சுற்றி முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள் என்பதைத்தான். அது உண்மை, பெருமைப்படத்தக்கதும்கூட. ஆனால் 1964-இலும் இதே பையன்களில் பெரும்பாலோர் இதே முப்பது மைலுக்குள்தான் இருந்தார்கள், தோற்றுக்கொண்டும் இருந்தார்கள். எல்லாம் மண்ணின் மகிமை என்று சொல்லி முடித்துவிட்டால் ஸ்டீன் செய்த வேலை கண்ணில் படாமலே போய்விடும். ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய அவர்களேதான். மாறியது அணியை யார் தேர்ந்தெடுப்பது, வாரம் முழுக்க என்ன பயிற்சி செய்வது, யார் எங்கே நிற்பது ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றையும் ஸ்டீன் செல்டிக்குக்கு வந்த பிறகு யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்.

சுரங்கம், வேல்ஸ், பிறகு செல்டிக்

ஸ்டீன் பிறந்தது 1922 அக்டோபர் 5, லனார்க்‌ஷயரில் ஹாமில்டனை ஒட்டிய பர்ன்பேங்க்கில். நிலக்கரிச் சுரங்கப் பகுதி அது. மான்செஸ்டர் யுனைடெடின் புகழ்பெற்ற மேனேஜர் மேட் பஸ்பி பிறந்த பெல்ஸ்ஹில் பக்கத்தூர். பதின்ம வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய ஸ்டீன், பத்து ஆண்டுகளுக்கும் மேல் அங்கே உழைத்தார். 1942-இல் கோட்பிரிட்ஜின் ஆல்பியன் ரோவர்ஸ் கிளப்பில் சேர்ந்தபோதும் அவருக்குச் சோறு போட்டது சுரங்கம்தான், பந்தாட்டம் பகுதிநேரம். ஆடியது தற்காப்பின் நடுவே, சென்டர் ஹாஃப் இடத்தில். தலைப்பந்தில் கெட்டிக்காரர், ஆனால் வேகம் போதாது. ஸ்காட்டிஷ் லீக் தேர்வு அணிக்கு ஒரேயொரு முறை ஆடியிருக்கிறார். நாட்டு அணிக்கு ஒருமுறைகூட அழைக்கப்படவில்லை.

1950-இல் வேல்ஸின் லானெல்லி கிளப் வாரம் 12 பவுண்டு தருவதாகச் சொன்னது. அங்கேதான் முதன்முதலாக முழுநேர ஆட்டக்காரர் ஆனார். ஊரில் இருந்த வீட்டில் திருட்டு நடந்து, மனைவி திரும்பிவரச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், 1951 டிசம்பரில் செல்டிக் அவரை 1,200 பவுண்டுக்கு வாங்கியது. அப்போது அவருக்கு 29 வயது. ரிசர்வ் அணியில் இளைஞர்களுக்குத் துணையாக ஆடத்தான் அவரை எடுத்தார்கள். முதல் அணியின் சென்டர் ஹாஃப்கள் காயப்பட்டதால் உள்ளே வந்தவர் அதன்பின் வெளியே போகவில்லை. கேப்டன் ஷான் ஃபாலன் கை முறிந்து ஒதுங்கியபோது கேப்டன் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1953-இல் ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட், ஹிபெர்னியன் ஆகிய மூன்றையும் வென்று முடிசூட்டுக் கோப்பை. 1953-54-இல் லீகும் ஸ்காட்டிஷ் கோப்பையும் சேர்ந்தாற்போல், 1914-க்குப் பிறகு முதல் தடவையாக.

அந்த இரட்டை வெற்றிக்குப் பரிசாகக் கிளப் தன் ஆட்டக்காரர்களை 1954 உலகக் கோப்பையைப் பார்க்க சுவிட்சர்லாந்துக்கு அனுப்பியது. அங்கே ஸ்காட்லாந்து உருகுவேயிடம் 0-7 என்று தோற்றது. நாட்டு அணியின் மேனேஜர் தொடரின் நடுவிலேயே விலகிப்போனார். முன்தயாரிப்பு இல்லாத ஓர் அணிக்கு என்ன நடக்கும் என்பதை முப்பத்தொரு வயதில், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, ஸ்டீன் நேரில் பார்த்தார். என்னைக் கேட்டால், அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கை தொடங்கியது அந்த வரிசையில்தான்.

1955 ஆகஸ்டில் கிளாஸ்கோவின் போட்டிக் கிளப்பான ரேஞ்சர்ஸுடன் ஆடியபோது கணுக்காலில் பட்ட காயம் சரியாகவே இல்லை. 1957 ஜனவரியில் ஆட்டத்தை விட்டார். செல்டிக் அவரை ரிசர்வ் அணியின் பயிற்சியாளராக்கியது. அங்கே அவரிடம் வந்தவர்கள் பில்லி மெக்நீல், பேட் கிரெராண்ட், ஜான் கிளார்க் போன்ற பதின்ம வயதுப் பையன்கள். 1958-இல் அந்த ரிசர்வ் அணி இறுதிப் போட்டியின் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து ரேஞ்சர்ஸை 8-2 என்று வென்றது. லிஸ்பனில் கோப்பையைத் தூக்கிய கேப்டன் மெக்நீல், ஸ்டீனிடம் முதல் பாடம் கேட்டது அந்த நாட்களில்தான்.

டன்ஃபெர்ம்லினும் மிலானும்

செல்டிக்கின் அதுவரையிலான மூன்று மேனேஜர்களும் கத்தோலிக்கர்கள். ஸ்டீன் புராட்டஸ்டன்ட். மேலே போக அங்கே வழியில்லை என்று கண்டவர், 1960 மார்ச்சில் டன்ஃபெர்ம்லின் கிளப்புக்கு மேனேஜராகப் போனார். கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும் நிலையில் இருந்த அந்த அணி, பருவத்தின் கடைசி ஆறு ஆட்டங்களையும் வென்று தப்பியது. அவற்றில் முதலாவது செல்டிக்குக்கு எதிரானது. அடுத்த ஆண்டே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டியில் மறுபடியும் செல்டிக். முதல் ஆட்டம் 0-0. மறு ஆட்டத்தில் டன்ஃபெர்ம்லின் 2-0. முதல் ஆட்டத்தில் பல்லைக் கடித்துத் தாக்குப்பிடித்து, மறு ஆட்டத்தில் எதிரணி முன்னேறி விட்டுவைக்கும் இடத்தைப் பயன்படுத்துவது என்ற கணக்கு பலித்தது. 1962-இல் ஐரோப்பிய ஃபேர்ஸ் கோப்பையில் எவர்ட்டனை வெளியேற்றினார்கள். வாலென்சியாவிடம் 0-4 தோற்றுத் திரும்பி, சொந்த மைதானத்தில் 6-2 என்று ஈடுகட்டினார்கள். மூன்றாவது ஆட்டத்தில்தான் தோற்றார்கள்.

1963-இன் கடைசியில் ஸ்காட்லாந்துப் பத்திரிகை ஒன்றின் ஏற்பாட்டில், கில்மார்னக் மேனேஜர் வில்லி வாடலுடன் மிலானுக்குப் போய், இன்டர் அணிக்கு ஹெலனியோ ஹெரேரா தரும் பயிற்சியைப் பார்த்தார். ஐரோப்பாவிலேயே உடைக்க முடியாதது என்று பெயர்பெற்ற தற்காப்பு முறையை, அதை நடத்திக்கொண்டிருந்தவரின் மைதானத்திலேயே நின்று பார்க்கும் வாய்ப்பு அது. அந்தப் பயணத்தின் பலன் மூன்றரை ஆண்டு கழித்து வந்தது.

1964 ஏப்ரலில் எடின்பரோவின் ஹிபெர்னியனுக்குப் போனார். அங்கே இருந்தது ஓராண்டுக்கும் குறைவு. அதற்குள் ஒரு கோடைக் கோப்பையும், ரியால் மாட்ரிட்டுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் 2-0 வெற்றியும் கிடைத்தன. இனித் தேவையில்லை என்று ஹிபெர்னியன் செல்டிக்குக்கு விற்ற ஒரு கோல்கீப்பர் உண்டு, முப்பத்து மூன்று வயது ரானி சிம்ப்சன். லிஸ்பனில் செல்டிக்கின் கோலைக் காத்தவர் அவர்தான், அப்போது வயது 36.

அணியைத் தேர்ந்தெடுப்பது யார்?

பழைய செல்டிக்கில் மேனேஜர் ஜிம்மி மெக்ரோரி. ஒரு காலத்தில் கோல்களைக் குவித்த மகத்தான முன்கள ஆட்டக்காரர், மென்மையான மனிதர். கோட்டு அணிந்து அலுவலகத்தில் இருப்பார். அணியை முடிவு செய்தவர் தலைவர் ராபர்ட் கெல்லி. அது எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1960 அக்டோபரில் ஏர்ட்ரிக்கு ஆடப் போகும் வழியில், ரசிகனாக ஆட்டம் பார்க்கக் கிளம்பி நின்றுகொண்டிருந்த ரிசர்வ் கோல்கீப்பரைக் கெல்லி கண்டார். அந்தப் பற்று அவருக்குப் பிடித்துப்போனது. பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அன்றைய ஆட்டத்திலேயே இறக்கினார். செல்டிக் 0-2 என்று தோற்றது.

அதைவிடப் பெரிய அடி 1964 ஏப்ரலில் விழுந்தது. கப் வின்னர்ஸ் கோப்பை அரையிறுதி முதல் ஆட்டத்தில் ஹங்கேரியின் எம்டிகே அணியை 3-0 என்று வென்றிருந்தார்கள். புடாபெஸ்டில் இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றாலும் இறுதிப் போட்டி உறுதி. அப்படியிருந்தும் வழக்கம்போல் முன்னேறித் தாக்கி ஆடி 0-4 என்று தோற்று வெளியேறினார்கள். திறமையில் குறையில்லை. ஆட்டத்தின் கணக்கைப் பார்த்து அணிக்கு இன்றைக்கு இப்படி ஆடு என்று சொல்ல ஆள் இல்லை.

கெல்லி ஸ்டீனை அழைத்தபோது முதலில் ஷான் ஃபாலன் மேனேஜர், ஸ்டீன் அவருக்குக் கீழே உதவியாளர் என்றார். பிறகு இருவரும் சேர்ந்து மேனேஜராக இருக்கலாம் என்றார். ஸ்டீன் ஒப்பவில்லை. இங்கிலாந்தின் உல்வ்ஸ் கிளப் தன்மேல் ஆர்வமாக இருப்பதையும் பேச்சில் காட்டினார். கடைசியில் கெல்லி இறங்கிவந்தார்: தேர்வு, பயிற்சி, ஆட்டமுறை மூன்றும் ஸ்டீன் கையில், ஃபாலன் உதவியாளர். செல்டிக் வரலாற்றில் நான்காவது மேனேஜர், கத்தோலிக்கர் அல்லாத முதல் மேனேஜர். ஒப்பந்தப் பேச்சு போலத் தெரியும் இந்த இடம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பின்னால் வரும் ஒவ்வொரு இடமாற்றமும், ஒவ்வொரு திட்டமும், இந்த அதிகாரம் இல்லாமல் தலைவரின் மேசையிலேயே நின்றிருக்கும்.

முதல் ஆட்டத்தில் ஏர்ட்ரியை 6-0 என்று வென்றார்கள். பெர்ட்டி ஓல்ட் மட்டும் ஐந்து கோல். ஆறு வாரம் கழித்து ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் ஸ்டீனின் பழைய டன்ஃபெர்ம்லினை 3-2 என்று வென்றார்கள். வெற்றி கோல் 81-ஆம் நிமிடத்தில் சார்லி கல்லாகரின் கார்னரை மெக்நீல் தலையால் முட்டியது. இந்த ஜோடியை நினைவில் வையுங்கள். 1967 மார்ச்சில் யூகோஸ்லாவியாவின் வோய்வோதினாவுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில், கடைசி நிமிடத்தில், இதே கல்லாகரின் கார்னரில் இதே மெக்நீலின் தலைதான் செல்டிக்கை அரையிறுதிக்கு அனுப்பியது.

பயிற்சியும் இடமாற்றமும்

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பயிற்சி என்பது பெரும்பாலும் மைதானத்தைச் சுற்றி ஓடுவது. வாரம் முழுக்கப் பந்தைக் கண்ணில் காட்டாவிட்டால் சனிக்கிழமை பந்துக்காகப் பசியோடு வருவார்கள் என்று நம்பினார்கள். அதில் இரண்டு கோளாறு. சுற்றோட்டம் மூச்சைப் பெருக்கும், ஆனால் ஆட்டத்தில் தேவைப்படுவது பத்துப் பதினைந்து கெஜத்துக்குத் திடீர்ப் பாய்ச்சல், நிற்றல், திரும்பப் பாய்ச்சல். இரண்டாவது, பதினோரு பேரும் ஒருவரின் அசைவுக்கு இன்னொருவர் பதில் அசைவு கொடுக்கப் பழகவே வழி கிடைக்காது. ஸ்டீன் டிராக்சூட் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். ஓட்டம் குறுகிய பாய்ச்சல்களானது, பயிற்சியின் பெரும்பகுதி பந்தோடு நடந்தது, ஆட்டத்தில் வரும் கட்டங்களைப் பிரித்தெடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்.

இடமாற்றங்களில் முக்கியமானது பாபி மர்டாக். முன்வரிசையில் இன்சைடு ரைட்டாக ஆடி, சுமாரான ஆள் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பலம் தொலைவுப் பாஸ். அதை முன்வரிசையில் நின்று காட்ட முடியாது, அங்கே முதுகு கோலைப் பார்த்திருக்கும், ஆளும் ஒட்டிக்கொண்டிருப்பான். ஸ்டீன் அவரைப் பின்னுக்கு இழுத்து ரைட் ஹாஃப் ஆக்கினார். மைதானம் முழுவதும் கண்ணெதிரே விரிந்தது. ஐரோப்பாவின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர்களில் ஒருவராக அவர் ஆனது அதன்பின்தான். 1966 கோடையில் வட அமெரிக்காவில் ஐந்து வாரச் சுற்றுப்பயணம் போனார்கள், பதினோரு ஆட்டம், தோல்வியே இல்லை. அங்கே வைத்து, அதுவரை இடது விங்கராக, அதாவது ஓரத்தில் நின்று தாக்குபவராக, இருந்த ஓல்டை மர்டாக்குக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். புள்ளிகளோ பத்திரிகையாளர் கூட்டமோ இல்லாத இடத்தில் சோதனை செய்ததால், பருவம் தொடங்கும்போது அந்த ஜோடி பழகிவிட்டிருந்தது.

பின்வரிசையில் மெக்நீல் உயரப்பந்துக்கு எழுவார், ஜான் கிளார்க் அவருக்குச் சற்றுப் பின்னால் நின்று நழுவிவருவதைத் துடைப்பார். இடது ஃபுல்பேக் (ஓரத் தற்காப்பாளர்) டாமி ஜெம்மலுக்கு வலது கால்தான் வலுவானது. ஓரமாக ஏறி உள்ளே திரும்பினால் ஷாட் அடிக்க ஏதுவான கோணம் அவருக்குத் தானாக அமையும். இந்த 4-2-4 அமைப்பில் (பின்னால் நால்வர், நடுவில் இருவர், முன்னால் நால்வர்) நடுவே இரண்டே பேர் என்பது அபாயம்தான். ஃபுல்பேக்குகள் மேலே ஏறுவதாலும் விங்கர்கள் இறங்கிவருவதாலும் அந்த ஓட்டை மூடியது. நடுவில் மூன்று பேரை நிறுத்தி, பந்தை அவசரமில்லாமல் வைத்திருக்கத் தெரிந்த எதிரணி வந்தால் மூடாது. அது 1970-இல் வந்தது.

ஆட்களைக் கையாளுவதில் அவருக்கு ஒரே மருந்து எல்லோருக்கும் என்பது கிடையாது. வலது விங்கர் ஜிம்மி ஜான்ஸ்டனுக்கு விமானம் என்றாலே நடுக்கம். 1968 நவம்பரில் ரெட் ஸ்டார் பெல்கிரேடுடன் சொந்த மைதான ஆட்டம் பாதிவரை 1-1. நான்கு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் நீ பெல்கிரேடுக்குப் பறக்கவேண்டாம் என்று ஸ்டீன் சொன்னார். ஆட்டம் 5-1 என்று முடிந்தது, அதில் ஜான்ஸ்டன் அடித்தது இரண்டு. மதத்தைப் பொறுத்தவரை அவருடைய கணக்கு நேரானது: ரேஞ்சர்ஸ் அன்று கத்தோலிக்கப் பையன்களை எடுப்பதில்லை, ஆகவே அவர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள், புராட்டஸ்டன்ட் பையனை முதலில் பிடித்துவிடவேண்டும். லிஸ்பன் அணியில் சிம்ப்சன், ஜெம்மல், வாலஸ், ஓல்ட் நால்வரும் புராட்டஸ்டன்ட்கள்.

லிஸ்பன், 90 நிமிடம்

இறுதிக்கு வந்த வழியில் ஒரு கசப்பு இருந்தது. அரையிறுதியில் டுக்லா பிராகை 3-1 என்று வென்றபின், பிராகில் முன்கள ஆட்டக்காரர் ஸ்டீவி சால்மர்ஸை மட்டும் முன்னால் விட்டு மற்றவர்களைத் தற்காப்பில் நிறுத்தினார் ஸ்டீன். 0-0. கணக்கு சரி, புடாபெஸ்ட் தவறு மீண்டும் நடக்கவில்லை. ஆனால் அப்படி ஆடவைத்தது தனக்கே பிடிக்கவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

இன்டரின் முறை இப்படி. பின்வரிசையில் பர்னிச், குவார்னெரி, ஃபக்கெட்டி ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கும் பின்னால் லிபரோவாக அர்மாண்டோ பிக்கி, யாருக்கும் ஒட்டாமல், தப்பிவரும் பந்துக்காக. முன்னால் ஒரு கோல் அடித்துவிட்டால் முழு அணியும் இறங்கி பாக்ஸுக்குள் சுவர் எழுப்பும். பந்து கிடைத்ததும் லூயிஸ் சுவாரஸின் நீண்ட பாஸில் எதிர்த்தாக்குதல். 1964, 1965 இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளையும் இந்த முறையில்தான் எடுத்தார்கள்.

ஏழாவது நிமிடத்தில் செல்டிக்கின் வலது ஃபுல்பேக் ஜிம் கிரெய்க் இன்டரின் காப்பெலினியை வீழ்த்த, பெனால்டி. மத்சோலா அடித்தார். இன்டர் தன் வழக்கப்படி இறங்கியது. இங்கே இரண்டு காரணங்கள் செல்டிக் பக்கம் வேலை செய்தன. சுவாரஸ் காயத்தால் ஆடவில்லை. அவர் இல்லாததால், பிடுங்கிய பந்தைத் தொலைவுக்கு அனுப்பி மூச்சு வாங்க இன்டருக்கு வழியில்லை, வெளியே தள்ளிய பந்து அடுத்த நொடியே திரும்பி வந்தது. இரண்டாவது, ஆளுக்கு ஆள் ஒட்டும் முறையின் உள்ளேயே இருக்கும் பலவீனம். ஒட்டிக்கொள்பவனை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பதை முடிவு செய்வது தாக்குபவன். செல்டிக் முன்வரிசையினர் ஓரிடத்தில் நிற்காமல் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களோடு இழுபட்டுப் போன தற்காப்பாளர்கள் விட்ட இடத்தில் இரண்டு ஃபுல்பேக்குகளும் ஏறினார்கள். ஃபுல்பேக்கை யாரும் ஒட்டுவதில்லை.

பாக்ஸுக்குள் எட்டுப் பேர் அடைந்து நிற்கும்போது உயரக் கிராஸ் அடிப்பது பந்தைத் தானம் செய்வதற்குச் சமம். செல்டிக் ஓரத்திலிருந்து பந்தைப் பின்னோக்கித் தட்டியது, பாக்ஸின் விளிம்புக்கு. சுவர் கோலை ஒட்டி இருப்பதால் அந்த விளிம்பில் ஆள் இருக்காது. ஓல்டின் ஷாட் ஒன்று பாரில் பட்டது, ஜெம்மலின் ஷாட் இன்னொன்றும் பாரில் பட்டது. இன்டர் கோல்கீப்பர் சார்ட்டி அன்று ஆடியது வாழ்நாள் ஆட்டம். 63-ஆம் நிமிடத்தில் வலப்புறம் ஏறிய கிரெய்க், அவசரப்படாமல் காத்திருந்து, குறுக்கே பின்னோக்கித் தள்ளிய பந்தை, பாக்ஸுக்கு வெளியிலிருந்து ஓடிவந்த ஜெம்மல் வலது காலால் அறைந்தார். 1-1. ஒரு ஃபுல்பேக் ஏறினால் மற்றவர் தங்கவேண்டும் என்பது அணியின் விதி. அந்தக் கோலில் இருவருமே மேலே இருந்தார்கள். இன்டரின் எதிர்த்தாக்குதல் செத்துவிட்டது என்பதைக் களத்தில் இருந்தவர்களே கண்டுகொண்டிருந்தார்கள்.

84-ஆம் நிமிடத்தில் இதே படம் இடப்புறத்திலிருந்து: ஜெம்மல் ஏறிப் பின்னோக்கித் தட்ட, மர்டாக் கோலை நோக்கி அடிக்க, கோலுக்கு அருகே நின்ற ஸ்டீவி சால்மர்ஸ் பந்தின் திசையைத் திருப்பிவிட்டார். பார்ப்பவர்களுக்கு அதிர்ஷ்டம் போலத் தெரியும். பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்த அசைவு அது என்று சால்மர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பருவத்தில் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை, கிளாஸ்கோ கோப்பை, ஐரோப்பியக் கோப்பை என்று நுழைந்த ஐந்தும் செல்டிக்குக்கே.

எங்கே சறுக்கியது

அடுத்த சில மாதங்கள் கசந்தன. 1967 அக்டோபரில் டைனமோ கீவ் அணியிடம் முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறினார்கள். நவம்பரில் கண்டங்களுக்கிடையேயான கோப்பைக்காக அர்ஜென்டினாவின் ரேசிங் கிளப்புடன் மான்டிவிடியோவில் நடந்த மூன்றாவது ஆட்டம் அடிதடியாகி, செல்டிக்கின் நான்கு பேர் வெளியேற்றப்பட்டார்கள். கிளப் தன் ஆட்டக்காரர்களுக்கே ஆளுக்கு 250 பவுண்டு அபராதம் போட்டது.

1970 வேறு வகை. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தின் லீட்ஸை அவர்கள் மண்ணில் 1-0, கிளாஸ்கோவின் ஹாம்டன் மைதானத்தில் 136,505 பேர் முன்னிலையில் 2-1 என்று வென்றார்கள். இரண்டு ஆட்டங்களிலும் ஜார்ஜ் கானலி நடுக்களத்துக்கு மூன்றாவது ஆளாக உதவினார். மே 6 அன்று மிலானின் சான் சிரோவில் நெதர்லாந்தின் ஃபெய்னூர்டுக்கு எதிரான இறுதிப் போட்டியில் ஸ்டீன் கானலியை உட்காரவைத்து, முன்வரிசைக்கு வாலஸைக் கொண்டுவந்தார். எதிரே ஃபெய்னூர்டின் பயிற்சியாளர் எர்ன்ஸ்ட் ஹாப்பல் நடுவில் நிறுத்தியது யான்சன், ஹாசில், வான் ஹானெகம் என்று மூவரை. மர்டாக்கும் ஓல்டும் இரண்டு பேராக மூவரைத் துரத்தி ஓய்ந்தார்கள். ஜெம்மல் 30-ஆம் நிமிடத்தில் அடித்தார், இரண்டே நிமிடத்தில் ஃபெய்னூர்டின் ஆட்டக்காரர் ரினுஸ் இஸ்ரேல் சமன் செய்தார். 77-ஆம் நிமிடத்தில் கானலி இறங்கியபோது ஆட்டம் கைமாறிவிட்டிருந்தது. கூடுதல் நேரத்தில், முடிய மூன்று நிமிடம் இருக்கையில், கின்ட்வால் அடித்து 2-1. உண்மையான இறுதிப் போட்டி லீட்ஸுடன் முடிந்துவிட்டது என்ற நினைப்பு அணி முழுவதும் பரவியிருந்தது. எதிரணியைப் பற்றி மேனேஜர் தந்த எச்சரிக்கை போதவில்லை என்று ஆட்டக்காரர்களே பின்னர் சொன்னார்கள். 1954-இல் முன்தயாரிப்பின்மையைக் கண்டு வெகுண்ட மனிதர், தன் பெரிய ஆட்டங்களில் ஒன்றில் அதே இடத்தில் சறுக்கினார் என்பது வேதனை.

உள்ளூரில் 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்கள். ஆனால் ஸ்டீன் வளர்த்த அடுத்த தலைமுறை கையைவிட்டுப் போனது. லூ மகாரி 1973-இல் மான்செஸ்டர் யுனைடெடுக்கு, டேவிட் ஹே 1974-இல் செல்சிக்கு, கென்னி டால்கிளிஷ் 1977-இல் 440,000 பவுண்டுக்கு லிவர்பூலுக்கு. இங்கிலாந்துக் கிளப்புகள் கொடுத்த சம்பளத்துக்கு செல்டிக் ஈடுகொடுக்கவில்லை. 1975 ஜூலையில் விடுமுறை முடிந்து திரும்பும்போது, லாக்கர்பி அருகே ஏ74 சாலையில் எதிர்த்திசையில் வந்த வண்டி ஸ்டீனின் காரில் நேருக்கு நேர் மோதியது. பிழைத்ததே பெரிது. ஒரு பருவம் முழுக்க ஃபாலன் அணியைப் பார்த்துக்கொண்டார். 1977-இல் லீகும் கோப்பையும் வென்று மீண்டார், ஆனால் டால்கிளிஷ் போன அடுத்த பருவத்தில் ஐந்தாம் இடம். 1978-இல் விலகியவருக்குக் கிளப் நீட்டியது நிதி திரட்டும் பிரிவில் ஒரு பதவி. பத்து லீக், எட்டு ஸ்காட்டிஷ் கோப்பை, ஆறு லீக் கோப்பை, ஓர் ஐரோப்பியக் கோப்பை தந்தவருக்கு அது சிறுமை. மறுத்துவிட்டு லீட்ஸுக்குப் போனார். நாற்பத்து நான்கு நாளில் ஸ்காட்லாந்து அழைக்க, அங்கே சென்றார்.

நாட்டு அணியில் அவருடைய பலமான கருவி பறிபோனது. கிளப்பில் தினமும் பந்தோடு பழக்கலாம், நாட்டு அணிக்கு ஆண்டில் கிடைப்பது சில நாட்கள். 1982 உலகக் கோப்பையில் சோவியத் யூனியனுடன் 2-2, கோல் வித்தியாசத்தில் வெளியேற்றம். கடைசிக் கட்டத்தில் ஸ்காட்லாந்துத் தற்காப்பாளர்கள் ஹேன்சனும் மில்லரும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு விட்ட கோலைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சேதம் அதற்கு முன்பே நடந்தது. நியூசிலாந்துக்கு எதிராக 3-0 என்று இருந்த ஆட்டத்தில் இரண்டு கோல் வாங்கி, 5-2 என்று முடித்தார்கள். அந்த இரண்டு கோல் இல்லையென்றால் ஸ்காட்லாந்துக்கும் சோவியத்துக்கும் வித்தியாசம் சமம், அடித்த கோல் எட்டுக்கு ஆறு. ஸ்காட்லாந்துதான் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும்.

1985 செப்டம்பர் 10, கார்டிஃப், நினியன் பார்க். வேல்ஸுடன் சமன் செய்தால் உலகக் கோப்பைக்கான கடைசித் தகுதிச் சுற்று கிடைக்கும். மார்க் ஹியூஸ் அடித்து வேல்ஸ் முன்னிலை. இடைவேளையில் கோல்கீப்பர் ஜிம் லெய்ட்டன் தன் கான்டாக்ட் லென்ஸ் ஒன்று தொலைந்ததாகச் சொன்னார். மாற்று லென்ஸ் கையில் இல்லை. அவர் லென்ஸ் அணிகிறார் என்பதே ஸ்டீனுக்குத் தெரியாது. அபர்டீனில் லெய்ட்டனின் மேனேஜராகவும் அன்று ஸ்டீனின் உதவியாளராகவும் இருந்த அலெக்ஸ் ஃபெர்குசனுக்கும் தெரியாது. லெய்ட்டனுக்குப் பதிலாக ஆலன் ரஃப் இறக்கப்பட்டார். 81-ஆம் நிமிடத்தில் டேவி கூப்பர் பெனால்டியை அடித்து 1-1 ஆக்கினார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்டீன் சுருண்டு விழுந்தார். மைதானத்தின் மருத்துவ அறையில் உயிர் பிரிந்தது. வயது 62.

அணியை ஏற்ற ஃபெர்குசன் ஆஸ்திரேலியாவை கிளாஸ்கோவில் 2-0 என்று வென்று, மெல்போர்னில் 0-0 என்று சமன் செய்து, 1986-இல் ஸ்காட்லாந்தை மெக்சிகோவுக்கு அழைத்துப் போனார்.